வர வேண்டாம் என்ற கரைக்கு

நான் வேலைக்குப் போவது இரண்டு தட்டு பஸ்ஸில். இங்கிலாந்தின் வடபகுதியில், பஞ்சாலைப் புகைபோக்கிகள் நிறைந்த ஒரு மலைநகரம் இது. காலையில் ஏறுகிறவர்கள் நனைந்த கம்பளிக் கோட்டுகளோடு வந்து, ஒருவரோடொருவர் பேசாமல், இருக்கைகளை ஒவ்வொன்றாக நிரப்புவார்கள். என் பக்கத்து இருக்கை கடைசியாகத்தான் நிரம்பும். சில நாட்களில் நிரம்புவதே இல்லை. மூன்று நான்கு பேர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க, அந்த இருக்கை என் அருகே காலியாக வரும். வந்த புதிதில், தலையில் வைக்கும் தேங்காயெண்ணெய்தான் காரணம் என்று நினைத்து அதை நிறுத்தினேன். பிறகு கோட்டைச் சலவைக்குக் கொடுத்தேன். இருக்கை காலியாகவே வந்தது. என்னோடு ஒரே ஆஸ்பத்திரியில் வேலை செய்து ஒரே விடுதியில் இருக்கும் ஐரிஸ் என்ற நேர்ஸ், ஜமெய்க்காக்காரி, இதற்கெல்லாம் கொதித்துப்போவாள். "நான் என் பையைத் தூக்கி அதில் வைத்துவிடுவேன். வேண்டுமென்றால் வாய் திறந்து கேட்டு உட்காரட்டும்" என்பாள். உனக்கு ஏன் கோபம் வருவதில்லை என்று என்னைக் கேட்பாள். பக்கத்து இடம் காலியாக இருப்பது எனக்கு எட்டு வயதில் பழகிப்போனது என்பதை அவளுக்கு எப்படிச் சொல்வதென்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

அதை இப்போது எழுதுகிறேன். என் அக்காவை நினைத்து எல்லாருடைய பெயரையும் மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் நடந்தபடி.

எங்களுக்கு ஊர் இலங்கையின் கிழக்குக் கரையில் தேற்றாத்தீவு, பெயரில்தான் தீவு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. வாவி என்று புத்தகங்களில் எழுதுவார்கள், எங்கள் வாயில் அது ஆறுதான். கல்முனைக்குப் போகும் பெரிய தெருவில் என் அப்பா சூசைப்பிள்ளை ஒரு தையற்கடை வைத்திருந்தார். ஒற்றை மெசின், ஒரு மேசை, சுவரில் மாதா படம். நல்ல நாள் பெருநாள் என்றால் கோயிலில் பாதிப் பேரின் உடுப்பு அவர் கையால் தைத்ததாக இருக்கும். பள்ளிக்கூடம் விட்டதும் நான் கடைக்குப் போய், மெசினுக்குக் கீழே விழுந்த பொத்தான்களைப் பொறுக்கிக்கொண்டிருப்பேன். அப்படி ஒரு நாள் நிமிர்ந்து பார்த்தபோது, அப்பா தைத்துக்கொண்டிருந்த வெள்ளைச் சட்டையில் சிவப்பாகப் பரவுவதைக் கண்டேன். "அப்பா, ரத்தம்" என்றேன். அவர் கால் மிதிப்பதை நிறுத்திவிட்டு என்னைத்தான் பார்த்தார், எனக்கு எங்கோ வெட்டிவிட்டது என்று நினைத்து. பிறகு தன் கையைப் பார்த்தார். மெசின் ஊசி அவருடைய சுட்டுவிரலில் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் வந்திருந்தது. அவர் கத்தவில்லை. முகம்கூடச் சுளிக்கவில்லை. வேறு யாருடையதோ விரலைப் பார்ப்பதுபோல வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பயந்து அழத் தொடங்கினேன். அவர் சக்கரத்தைக் கையால் திருப்பி, ஊசியை மேலே எடுத்து, விரலைத் துணியால் சுற்றிக்கொண்டு, "வீட்ட சொல்லாத மனே" என்றார். எங்கள் பக்கத்தில் மகளையும் மனே என்றுதான் கூப்பிடுவார்கள்.

நான் சொல்லவில்லை. ஆனால் தையற்காரனின் கையை ஊரே பார்க்கும். முழங்கைக்குக் கீழே வெளிறிய ஒரு தடிப்பு இருந்ததை அளவெடுக்க வந்த யாரோ கண்டிருக்கிறார்கள். சில மாதங்களில் சுகாதார இன்ஸ்பெக்டர் ஒரு வேனோடு வந்தார். அந்தக் காலத்தில் குஷ்டம் என்று தெரிந்தால் வீட்டில் வைத்திருக்க முடியாது. வாவிக்கு நடுவே ஒரு தீவில் அதற்கென்று ஆஸ்பத்திரி இருந்தது. 'தீவுக்குக் கொண்டுபோயிட்டாங்க' என்றால் வேறெதுவும் சொல்லத் தேவையில்லை. இறந்தவரைப் பற்றிப் பேசும் குரலில்தான் அதைச் சொல்வார்கள். அப்பா வெள்ளை வேட்டி கட்டி, தானே தைத்த சட்டை போட்டுக்கொண்டு, கல்யாண வீட்டுக்குப் போவதுபோல வேனில் ஏறினார். பக்கத்து வீடுகளின் கதவுகள் சாத்தியிருந்தன. எனக்கும் அக்கா ரோசாவுக்கும் உடம்பு முழுக்க, நோகிறதா என்று ஊசியால் தொட்டுத் தொட்டுப் பார்த்து, ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள். மறுநாள் பள்ளிக்கூடத்தில் என் வாங்குப் பலகையில் என்னோடு இருந்த பிள்ளைகள் எழுந்து வேறு வாங்குக்குப் போனார்கள். நான் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா அரிசி கழுவிக்கொண்டிருந்தா. நான் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தலையை நிமிர்த்தாமலே, "அப்ப இடம் தாராளமா இரிக்கும். கையைக் காலை நீட்டி வடிவா எழுது" என்றா. அன்றைக்கு எனக்கு அம்மாவில் வந்த ஆத்திரம் நெடுநாள் தீரவில்லை.

அம்மாவின் பெயரைத் திரேசம்மா என்று வைத்துக்கொள்கிறேன். அப்போது முப்பது வயதுகூட ஆகியிருக்காது. அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, ஊரில் மதிப்பான மனிதர். அவரைக் கெட்டவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. முதல் சில மாதங்கள் எங்கள் உலை கொதித்தது அவர் கொடுத்த அரிசியில்தான். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "ரெண்டு பொம்புளப் புள்ளயள் இரிக்கு. நீ தீவுக்குப் போய் வந்துகொண்டு இருந்தயெண்டா நாளைக்கு ஆரு இந்த வாசல் மிதிப்பாங்க? மனுசன் போயிற்றார் எண்டு நினைச்சிக்கொள்." அம்மா அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் பூசை கண்டுவிட்டு, வாழையிலையில் சோறும் திரளிமீன் குழம்பும் கட்டிக்கொண்டு, மட்டக்களப்புக்கு பஸ் ஏறிப் போனா. பாத்திரம் கொண்டுபோனால் அதைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்தாள் என்று ஊர் பேசும். இலை என்றால் அங்கேயே கிடந்துவிடும். மாமா அன்றிலிருந்து அரிசி தரவில்லை.

தீவில் இன்னொரு அடி காத்திருந்தது. அப்பா அவவைப் பார்க்க வரவில்லை. தோணித்துறைக்கு அருகே பார்க்க வருகிறவர்களுக்கென்று ஒரு கொட்டில் இருந்தது. நடுவில் இடுப்புயரத்துக்குப் பலகை அடித்திருக்கும். இந்தப் பக்கம் வந்தவர்கள், அந்தப் பக்கம் நோயாளிகள். அம்மா இந்தப் பக்கத்து வாங்கில் இருந்து பார்த்துக்கொண்டேயிருந்தா. கடைசியில் அங்கே சேவை செய்த கன்னியாஸ்திரி ஒருவர், எல்லாரும் மதர் என்று கூப்பிடுகிறவர், வந்து, "அவர் உங்களை வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னார்" என்றா. அம்மா சோற்றுப் பொட்டலத்தை மதரின் கையில் கொடுத்துவிட்டு, தோணி திரும்பும் வரைக்கும் அங்கேயே இருந்துவிட்டு வந்தா. அடுத்த ஞாயிறும் போனா. அப்பா வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும். ஒரு கச்சான் காலம் முழுவதும், நெருப்பை அள்ளி வீசுகிற அந்தக் காற்றில், பஸ்ஸிலும் தோணியிலும் போய், வெறும் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பினா. தோணிக்காரர் கந்தப்பன் ஒரு நாள் கேட்டாராம், "ஏன் தங்கச்சி, அந்த மனிசன் வாறதும் இல்ல, நீ ஏன் சும்மா அலையிற?" அம்மா சொன்னது, "அவர் வராட்டி என்ன, நான் வந்தது அவருக்குத் தெரியும்தானே."

வயிற்றுப்பாட்டுக்கு அம்மா அப்பாவின் மெசினில் உட்கார்ந்து பார்த்தா. யாரும் துணி தரவில்லை. அந்த மெசினை வெந்நீர் ஊற்றிக் கழுவினாலும் தரமாட்டார்கள். காத்தான்குடியிலிருந்து நெல் வாங்க வரும் வியாபாரி ஒருவரிடம், கிழிந்த சாக்குகளைத் தைத்துத் தரவா என்று அம்மா தெருவில் மறித்துக் கேட்டா. கேட்டுவிட்டு, மறைக்காமல், தன் புருசன் எங்கே இருக்கிறார் என்பதையும் சொன்னா. அவர் வண்டியில் இருந்தபடியே தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். பிறகு, "நெல்லுக்குத் தெரியுமா புள்ள, ஆரு தைச்சதெண்டு" என்று சொல்லி ஒரு கட்டுச் சாக்கை இறக்கிவிட்டுப் போனார். அன்றிலிருந்து நான் கப்பலேறும் வரைக்கும் எங்கள் வீட்டில் சாக்குத்தூசி பறக்காத நாள் இல்லை. கோணியூசி அம்மாவின் உள்ளங்கையைக் கிழித்துக் கிழித்து, அந்தத் தோல் செருப்புத் தோல்போல ஆகிவிட்டது. நாங்கள் இருவரும் இரவெல்லாம் இருமுவோம். அம்மாவும் இருமுவா. தைப்பதை விடமாட்டா.

ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழியில் வெள்ளம் வந்தது. அதைக் கண்டவர்கள் இப்போதும் மறந்திருக்க மாட்டார்கள். கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவிலே நாங்கள் இருந்த நிலம் ஒரு பாய் அகலத்துக்குச் சுருங்கியதுபோல இருந்தது. தெரு அறுந்தது, பஸ் நின்றது. நாங்கள் கோயிலுக்குள் பாதி ஊரோடு கிடந்தோம். அங்கேயும் எங்களுக்கென்று ஒரு மூலை. அம்மா முதல்முறையாக ஞாயிற்றுக்கிழமையில் தீவுக்குப் போகாமல் இருந்தா. அடுத்த ஞாயிறும் போக முடியவில்லை. மழை சற்று விட்டதும், அக்காவைக் கோயிலில் விட்டுவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தா. இடுப்பளவு தண்ணீரில் என்னைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்த இடங்களும் உண்டு. இடையில் ஒரு லொறிக்காரர் ஏற்றிவிட்டார். துறையில் கந்தப்பன் தோணியை எடுக்க மறுத்தார். ஆறு சேற்று நிறத்தில் மரங்களையும் செத்த மாடுகளையும் கொண்டு போய்க்கொண்டிருந்தது. அம்மா தோணிக்குள் ஏறி என்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டா. அவர் எங்களைப் பார்த்துவிட்டுச் சவள் துடுப்பை எடுத்தார்.

தீவை நெருங்கியபோது, துறையில் ஒருவர் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு தண்ணீருக்குள் நிற்பதைக் கண்டோம். அப்பா. வெள்ளம் தொடங்கிய நாளிலிருந்து அவர் துறையை விட்டுப் போகவில்லை, சாப்பிடவும் வரவில்லை என்று மதர் பிறகு சொன்னா. தோணி முட்டியதும் அவர் இரண்டு எட்டுப் பின்வாங்கினார். நாங்கள் கிட்ட வந்துவிடுவோம் என்ற பயம். ஒன்றரை வருசமாகப் பார்த்துக்கொள்ளாத புருசனும் பெண்சாதியும் பேசிக்கொண்டதை நான் தோணிக்குள் இருந்து கேட்டேன்.

"வெள்ளம் வீட்டுக்குள்ள வந்ததா?"

"வாசப்படி தாண்டி வந்தது."

"மெசின்?"

"கட்டிலுக்கு மேல தூக்கி வெச்சன்."

"தனியாவா தூக்கினீ?"

"வேற ஆரு வருவாங்க."

அப்பா சாக்கால் முகத்தை மூடிக்கொண்டார். அன்றைக்குச் சோறு கொண்டுபோகவில்லை. கொண்டுபோக ஒன்றும் இருக்கவில்லை.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வந்து பலகைக்கு அந்தப் பக்கம் இருப்பார். எங்கள் மற்ற நாட்களில் எதுவும் மாறவில்லை.

இங்கே, இங்கிலாந்தில், வார்டில் என் முதல் மாதத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். எங்களுடையது வயோதிபர்கள் வருடக்கணக்கில் கிடக்கும் ஆஸ்பத்திரி. வாதம் விழுந்த ஒரு கிழவர், கரண்டியை வாயருகே கொண்டுபோனதும் தட்டிவிடுவார். ஒவ்வொரு தடவையும் துடைத்துவிட்டு மறுபடி ஊட்டுவேன். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற தலைமை நேர்ஸ், வார்ட் சிஸ்டர், என் அருகே வந்து என் தோளைத் தொட்டு, "யூ ஆர் வெரி பேஷன்ட்" என்றா. தமிழில் படித்து வந்தவள் நான். பேஷன்ட் என்றால் நோயாளி. அந்த ஒரு கருத்துத்தான் எனக்குத் தெரியும். என் காதில் விழுந்தது, நீ பெரிய நோயாளி என்று. கண்டுபிடித்துவிட்டார்கள், கப்பலில் திருப்பி அனுப்பப்போகிறார்கள் என்று நினைத்தேன். குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு, சீருடையைக் கழற்றி, கண்ணாடியில் முதுகையும் கையையும் தேடினேன். தலையூசியை எடுத்துத் தோலில் குத்திக் குத்திப் பார்த்தேன். எல்லா இடத்திலும் நொந்தது. ஐரிஸ் கதவைத் தட்டித் தட்டி என்னை வெளியே எடுத்தாள். நான் அழுதுகொண்டே கேட்டதற்கு அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பொறுமைசாலிக்கும் அதே சொல்தானாம். அது பாராட்டு என்றாள். சிஸ்டர், நான் ஏன் ஓடினேன் என்று இன்றுவரை அறியமாட்டா. கூச்சக்காரி என்று நினைத்திருப்பா. அன்றிரவு விடுதியில் படுத்துக்கொண்டு, அம்மாவுக்கு அந்தச் சொல்லின் இரண்டு கருத்துகளில் எது பொருந்தும் என்று யோசித்துக் கொண்டிருந்தேன்.

அக்காவின் கல்யாணத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் யாரும் கேட்டு வரவில்லை. மாமாதான் மனம் இரங்கி, வெகு தொலைவில், வாகரையில் ஒரு மாப்பிள்ளை பார்த்தார். தோணியும் கொஞ்சம் வயலும் உள்ள குடும்பம். பையனும் நல்லவன். அவர்களிடம் மாமா, பெண்ணின் தகப்பன் காலமாகிவிட்டார் என்று சொல்லியிருந்தார். கல்யாணத்துக்கு முந்தின வாரம் மாமா வந்து, அம்மாவுக்கு முன்னால் நின்றுகொண்டே பேசினார்.

"திரேசா, ஒண்டு சொல்லோணும். மாப்பிள வீட்டார் வாற அண்டைக்கு நீ தாலியோட நிக்க ஏலா. ஒரு நாளைக்குக் கழட்டி வை. பிறகு போடு."

அம்மா சாக்குத் தைத்துக்கொண்டிருந்தா. ஊசியை இழுத்து முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தா. "அவர் சாகல்லயே அண்ணன்."

"சாகல்லதான். ஆனா உன்ர மகள் வாழோணுமே."

"அவள் வாழட்டும். நான் அண்டைக்கு வரல்ல."

அக்கா உள்ளேயிருந்து ஓடிவந்து அம்மாவின் காலைப் பிடித்தா. ஒரு நாள்தானே அம்மா, ஒரு மணித்தியாலம்தானே என்று கெஞ்சினா. நானும் சேர்ந்து கெஞ்சினேன். அம்மா அக்காவின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தா, கையிலிருந்த வெடிப்புகளில் தலைமயிர் சிக்கிச் சிக்கி இழுபட்டது. "ஏலா மனே" என்றா.

கல்யாணம் ஒரு புதன்கிழமை. பெண்ணின் தாய்க்குக் கடும் காய்ச்சல் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்னோம். அம்மா நின்றிருக்க வேண்டிய இடத்தில் மாமியும் நானும் நின்றோம். அக்கா கோயில் வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தா. அதே நேரம் அம்மா தீவில் இருந்தா. பார்வையாளர் நாள் இல்லை. கந்தப்பன் தன் மீன்தோணியில் கொண்டுபோய் விட்டாராம். மதர் காரணம் கேட்டுவிட்டுக் கொட்டிலைத் திறந்துவிட்டாவாம். பலகைக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேரும் இருந்தார்கள். இப்ப தாலி கட்டியிருப்பாங்க, இப்ப பந்தி வெச்சிருப்பாங்க என்று சொல்லிக்கொண்டிருந்தார்களாம். இதை அம்மா எனக்குச் சொன்னது எத்தனையோ வருசம் கழித்து.

அந்தப் பொய்யின் விலை பிறகுதான் வந்தது. தீவில் புது மாத்திரைகள் கொடுத்து வந்தார்கள். அப்பாவுக்கு நோய் நின்றுவிட்டது. இனி யாருக்கும் தொற்றாது, வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா வீட்டுக்கு வெள்ளை அடித்தா. மெசினைத் துடைத்து எண்ணெய் விட்டா. அப்பா வந்து இறங்கியபோது அவருடைய விரல்கள் உள்ளே மடங்கியிருந்தன. சிலவற்றில் நுனி இல்லை. மறுநாளே மெசினில் உட்கார்ந்தார். ஊசியில் நூல் கோர்க்க அவரால் முடியவில்லை. நனைத்து, திரித்து, மறுபடி மறுபடி முயன்றார். ஒரு முழுக் காலையும் அப்படியே போனது. கடைசியில் அம்மா கோர்த்துக் கொடுத்தா. அவர் ஒரு சாக்கைத் தைத்தார். தையல் கோணலாக ஓடியது. அம்மா அதை அவிழ்க்கவில்லை, அப்படியே கட்டோடு சேர்த்து அனுப்பினா. எனக்கு அந்தச் சில மாதங்களைப்போல ஒரு காலம் வாழ்க்கையில் வரவில்லை. எங்கள் வீட்டில் இரண்டு பேர் பேசுகிற சத்தம் கேட்டது.

வாகரைக்கு யாரோ செய்தி கொண்டுபோய்விட்டார்கள், செத்துப்போன சம்பந்தி தேற்றாத்தீவில் திரிகிறார் என்று. அக்கா கைக்குழந்தையோடு வந்து இறங்கினா. விசாரித்துச் சொல் என்று அனுப்பியிருக்கிறார்கள், புருசன்தான் பஸ் ஏற்றிவிட்டானாம். அக்கா வாசலிலேயே நின்றா, உள்ளே வரவில்லை. குழந்தையை அப்பாவிடம் காட்டினா, கொடுக்கவில்லை. அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எட்டி நின்று, வெகுநேரம் அந்தக் குழந்தையைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்த் தன் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார்.

"எங்க போறீங்க?" என்றா அம்மா.

"செத்தவன் செத்தவனாவே இரிக்கட்டும்" என்றார் அப்பா. "அவங்க வந்து பாத்தா இஞ்ச ஆரும் இரிக்கக் கூடா. ஊர்ப் பேச்செல்லாம் பொய்யெண்டு ரோசா போய்ச் சொல்லட்டும்."

நோயில்லாத மனிதர், தானே பஸ் ஏறி, தானே தோணி ஏறித் தீவுக்குத் திரும்பினார். போக இடமில்லாதவர்களை அங்கே வைத்திருந்தார்கள், அவரையும் ஏற்றுக்கொண்டார்கள். அக்கா வாகரைக்குப் போய் வாழ்ந்தா, வாழ்கிறா. மறுநாள் அம்மா வழக்கம்போல் சாக்குகளோடு உட்கார்ந்தா. ஞாயிற்றுக்கிழமை வந்ததும் இலையில் சோறு கட்டினா. அன்றைக்கு நான் அவவோடு சண்டை போட்டேன். எத்தனை வருசம் போய் வந்து என்ன கிடைத்தது, ஒரு மனிதர்கூட மாறவில்லையே என்று கத்தினேன். அம்மா பொட்டலத்தைக் கட்டி முடித்துவிட்டு, "என்ன கிடைக்குமெண்டு நான் போகல்ல மனே. பஸ் போயிரும், விடு" என்றா.

பள்ளிக்கூடத்தில் விடாமுயற்சி பற்றிக் கட்டுரை எழுதச் சொல்வார்கள். தளராமல் உழைத்தால் முடிவில் வெற்றி வரும் என்று எழுதி நானும் நல்ல மார்க் வாங்கியிருக்கிறேன். இங்கேயும் வந்தேறிகளான நாங்கள் கூடும்போது அதைத்தான் பேசிக்கொள்கிறோம். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் வீடு வாங்கலாம், பிள்ளைகளைப் படிப்பிக்கலாம். அது உண்மைதான், பலர் வாங்கியும் இருக்கிறார்கள். ஆனால் என் அம்மாவின் விடாமைக்கு அப்படி ஒரு முடிவு வரவேயில்லை. அது எங்களையும் நோகடித்தது. அக்கா இன்னும் அம்மாவை மன்னிக்கவில்லை. நான் மன்னித்துவிட்டேனா என்று எனக்கே தெரியாது. ஒன்று மட்டும் தெரியும். இங்கே பார்வையாளர் மணி அடித்ததும் கிழவர்களும் கிழவிகளும் தலையை வாரிக்கொண்டு வாசலைப் பார்ப்பார்கள். பலருக்கு யாரும் வருவதில்லை. மகன் தூரத்தில், மகளுக்கு வேலை. வராத ஒருவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண் எப்படியிருக்கும் என்று எனக்கு இந்த வேலையில் தெரிந்தது. அம்மா தீவுக்குப் போகத் தொடங்கிய பத்தொன்பது வருசத்தில் என் அப்பாவுக்கு, வெள்ளம் வந்த அந்த ஞாயிறுகளையும் புயல்மழைக் காலத்தில் சிலவற்றையும் தவிர, அந்தக் கண் வரவில்லை.

போன வருசம் ஆறு வார லீவில் ஊருக்குப் போனேன். அம்மாவைக் கூட்டிவருவதென்ற முடிவோடு போனேன். மூச்சிரைப்பு அதிகமாகியிருந்தது, சாக்குத்தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை இருவருமாகத் தீவுக்குப் போனோம். கந்தப்பன் இல்லை, அவருடைய மகன் தோணி வலித்தான். கொட்டிலில் இப்போது பலகை இல்லை, யாரும் யார் பக்கத்திலும் இருக்கலாம். ஆனாலும் அப்பா பழைய பக்கத்திலேயே இருந்தார். கண் பார்வை போய்விட்டது. நான் அவருடைய கையைப் பிடித்தேன். எத்தனையோ பேருடைய கையை நான் தினமும் பிடிக்கிறவள். அவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "பழக்கம் இல்ல மனே" என்றார்.

நான் விசயத்தைச் சொன்னேன். அவர் உடனே, "கூட்டிக்கொண்டு போ. இவளுக்கு இனி ஏலா. என்னை இஞ்ச பாக்க ஆக்கள் இரிக்காங்க" என்றார். நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா மீன்முள்ளை எடுத்து எடுத்துச் சோற்றை உருட்டி இலையில் வைத்துக்கொண்டிருந்தா.

"அவர் அப்பிடித்தான் சொல்லுவார்" என்றா அம்மா. "மொதல் வருசமும் வர வேணாமெண்டுதான் சொன்னவர்."

அப்பா சிரித்தார். என் நினைவில் அவர் சிரித்துக் கேட்டது அந்த ஒரு தடவைதான். பிறகு நான் எவ்வளவோ வாதாடினேன். ஆஸ்பத்திரி வசதி, மருந்து, என் தனிமை எல்லாம் சொன்னேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உனக்கு அங்க சம்பளம் இரிக்கு, சிநேகிதி இரிக்கா" என்றதோடு நிறுத்திக்கொண்டா.

என் லீவு முடிந்த நாளும் ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. மாலை றெயிலில் கொழும்புக்குப் போக வேண்டும். இந்த ஒரு ஞாயிறு அம்மா என்னோடு ஸ்டேசனுக்கு வருவா என்று நான் எண்ணியிருந்தேன். ஆனால் வாய் திறந்து நான் கேட்கவில்லை. காலையில் சூட்கேசோடு இருவரும் ஒரே பஸ்ஸில் மட்டக்களப்புப் பட்டினத்துக்கு வந்தோம். துறையில் தோணி காத்து நின்றது. அம்மா என் நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டா. உள்ளங்கை மரப்பட்டைபோல உரசியது. "கவனமாப் போ மனே. குளிருக்குத் தலையை மூடு" என்றா. பொட்டலத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கத் தோணிக்குள் இறங்கினா.

புறப்பட வேண்டியவள் நான். கடல்கடந்து போகிறவள் நான். ஆனால் அன்றைக்கு நான் கரையில் நின்றேன், ஊரிலேயே இருக்கப்போகிற என் அம்மா தண்ணீரில் விலகிப் போய்க்கொண்டிருந்தா. அவவின் முகம் தீவை நோக்கி இருந்தது. ஒரு தடவை திரும்பி, போ போ என்று கையைக் காட்டினா. றெயிலுக்கு இன்னும் பாதிப் பகல் இருந்தது. போவதற்கு எனக்கு வேறு இடம் இருக்கவில்லை. காலடியில் சூட்கேசை வைத்துக்கொண்டு, தோணி கரையோரக் கண்ணா மரக் காட்டைத் தாண்டி மறைந்த பிறகும் அந்தத் துறையில் நின்றுகொண்டிருந்தேன். வலை காயவைக்க வந்த ஒருவர் என்னையும் சூட்கேசையும் பார்த்துவிட்டு, "வந்தயா, போறயா புள்ள?" என்று கேட்டார்.